மலிக் வீட்டு முற்றத்தில் நின்றுபோன குரல்

ராஹிலைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போன அன்று அவளுடைய குரல் மட்டும் வேனில் ஏறாமல் மலிக் வீட்டு முற்றத்திலேயே நின்றுவிட்டது. கோட் மிஸ்ரியில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு ஒரு டீ சொல்லட்டுமா என்று பேச்சை மாற்றுவார்கள்.

கோட் மிஸ்ரி பாகிஸ்தானின் பஞ்சாபில் நெல் விளையும் பக்கத்துச் சிறுநகரம். ஓர் அரிசி ஆலை, ஒரு கோர்ட்டு, நாலு பள்ளிவாசல், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஈசாநகர் என்று கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் ஒரே ஒரு தெரு, அதில் முப்பத்தெட்டு வீடு. ஈசாநகர்க்காரர்கள்தான் ஊரின் சாக்கடையை அள்ளினார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், வீடுகளைப் பெருக்கித் துடைத்தார்கள். அவர்கள் தண்ணீர் குடிக்கவென்று பல வீடுகளில் தனி டம்ளர் ஒன்று வாசல் ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். ராஹில் ஆலை முதலாளி மலிக் தௌஃபீக்கின் வீட்டில் ஒன்பது வருஷமாகப் பெருக்கினாள். அவள் புருஷன் பத்ரஸ் சுண்ணாம்பு அடிப்பவன். பிள்ளை இல்லை. அவளுக்குக் கொஞ்சம் கரகரத்த, ஆம்பிளைத்தனமான குரல், அதை வைத்துப் பத்ரஸ் அவளைக் கேலி செய்வான், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும்போது அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவான்.

மலிக் வீட்டின் பின்னறையில் மலிக்கின் தாய் ஜன்னத் பீபி இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்த அறையைப் பெருக்கப் போன ராஹில் ஒரு நாள் காலை பத்தேகாலுக்கு வெளியே வந்து, முற்றத்தில் விரிப்பு விரித்துக் குர்ஆன் ஓத வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேருக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மருமகள் குல்ஷன் பேகத்திடம் சொன்னாள். அந்த ஊரில் அக்காவை பாஜி என்பார்கள்.

"பாஜி, அம்மாஜியோட முதுகுப் புண்ணுல புழு வச்சிருக்கு. கொஞ்சம் வெந்நீர் மட்டும் குடுங்க, நான் கழுவி விட்டுடறேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. மூன்று பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குனிந்த தலைகளைக் குல்ஷனால் தாங்க முடியவில்லை. முகம் கன்றிப்போய் எழுந்தவள், வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினாள், திட்டி முடித்தும் அந்தத் தலைகள் நிமிரவில்லை என்று கண்டதும் தன் துப்பட்டாவைத் தானே இழுத்துக் கிழித்துக்கொண்டு, "நபியைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டாளே, என் காதால கேட்டுட்டேனே!" என்று தெருவுக்குக் கேட்கும்படி அலறினாள். அலறிய பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அழைப்பதற்கு முன்பே ஆலையிலிருந்து ஒருவன் ஒரு சீட்டைக் கொண்டுபோய் அந்தத் தெருப் பள்ளிவாசலில் கொடுத்தான். அங்கே தொழவைத்து, வருகிறவர்களுக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்த பெரியவரை ஊரே காரீ சாஹிப் என்று அழைத்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து, ஈசாநகர்க்காரி ஒருத்தி நபியைப் பழித்துவிட்டாள் என்று சீட்டிலிருந்ததை அப்படியே வாசித்தார். மூன்று மணிக்குள் ஈசாநகர் எரிந்தது. பக்கத்து ஊரில் வேலையாயிருந்த பத்ரஸ் புகையைப் பார்த்துவிட்டு ரயில் பாதையோடு ஓடிவந்தபோது கோயிலின் பெஞ்சுகள் தெருவில் அடுக்கப்பட்டு எரிந்துகொண்டிருந்தன, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது, அவனுக்கு அறிமுகமான பால்காரன் ஒருவன் ஒரு மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு எதிரே வந்தவன் அவனைப் பார்த்ததும் வழக்கம்போல சலாம் சொல்லிவிட்டுப் போனான். பத்ரஸின் அண்ணன் யாகூபும் மதனியும் பயந்து உள்ளே தாழிட்டுக்கொண்ட வீடும் எரிந்தது, அவர்கள் வெளியே வரவேயில்லை.

ராஹில் அதற்குள் ஸ்டேஷனில் இருந்தாள். நீ சொன்னாயா என்று அதிகாரி கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. தொண்டையைத் தடவினாள், மறுபடியும் திறந்தாள். "குற்றத்தை மறுக்கவில்லை" என்று அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தேகாலுக்குக் குல்ஷன் முற்றத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பின்னறைக் கதவிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு பெண் நின்று பேசுகிற உயரத்தில், அந்தக் கரகரத்த குரல் சொன்னது: "பாஜி, அம்மாஜியோட முதுகுப் புண்ணுல புழு வச்சிருக்கு. கொஞ்சம் வெந்நீர் மட்டும் குடுங்க, நான் கழுவி விட்டுடறேன்."

குல்ஷன் பழக்க தோஷத்தில், "விளக்குமாத்தை எங்க வச்சே?" என்று கேட்டுவிட்டுத்தான் பட்டாணியைக் கொட்டினாள்.

அதற்கடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். மழை பெய்த நாளும், பெருநாளும், ஆலைக்கு வார விடுமுறையான வெள்ளிக்கிழமையும் வந்தது. கூடவும் இல்லை குறையவும் இல்லை, கோபமும் இல்லை அழுகையும் இல்லை, வேலைக்காரி ஒருத்தி அவசரமில்லாமல் சொல்கிற அதே சொற்கள். சுவர் தாண்டித் தெருவுக்குக் கேட்டது, தெரு தாண்டிப் பள்ளிவாசலில் கை கால் கழுவும் இடம் வரைக்கும் கேட்டது. மலிக் ஓதி ஊதுபவர் ஒருவரைக் கூட்டிவந்தார், அவர் முற்றத்தின் நாலு மூலையிலும் தண்ணீர் தெளித்துவிட்டு, பத்தேகாலுக்குக் குரல் வந்ததும் கொஞ்ச நேரம் யோசித்து, "புண்ணைக் கழுவிப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அவரை உடனே அனுப்பிவிட்டார்கள். முற்றத்துச் செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் புதுக்கல் பதித்தார்கள், குரல் புதுக்கல்லின் மேல் நின்று பேசியது. ராஹிலுக்காக வாதாட வந்த வெளியூர் வக்கீல் ஒருவர் தெருவில் நின்று செல்போனில் அதைப் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் குருவிச் சத்தம்தான் இருந்தது. பின்னறைக் கிழவியைக் கவனிக்க வைத்த ஆட்கள் ஒருத்தரும் ஒரு வாரம் தாண்டவில்லை. பத்தேகாலானதும் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கடைசியில் மலிக் பத்து மணி பதினாலு நிமிஷத்துக்குத் தண்ணீர் மோட்டாரைப் போடச் சொன்னார். கரண்ட் போன நாட்களுக்கென்று ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். அதைப் பார்த்து எதிர் வீட்டில் அதே நேரத்துக்கு மசாலா இடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மாவு மில்லை ஓட்டினார்கள், ஆலையில் சங்கு ஊதினார்கள். ஒரு வருஷத்துக்குள் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற புதுப்பெண்ணுக்கு உப்பு டப்பாவைக் காட்டுவதுபோல, பத்து மணிக்கு மேல் உரலண்டை போய்விட வேண்டும் என்று மாமியார்கள் சொல்லிக் கொடுத்தார்கள். "எதுக்கு?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, "இங்க அப்படித்தான்" என்றார்கள். குரல் பொய் சொல்கிறது என்று அந்தத் தெருவில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இடித்தார்கள்.

கேஸ் மூன்று வருஷம் நடந்தது. ஓத வந்திருந்த மூன்று பெண்களும் சாட்சி. குற்றவாளி என்ன சொன்னாள் என்று வக்கீல் கேட்டால், "அதை என் வாயால சொன்னா எனக்கும் பாவம்" என்பார்கள். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார், அவருக்கும் அதைக் கேட்க விருப்பமில்லை, கோர்ட்டு வாசலில் தினமும் இருநூறு பேர் நின்றார்கள். அவள் சொன்னதாகச் சொல்லப்பட்ட சொல் என்னவென்று யாருக்கும் தெரியாமலே, நபியைப் பழிப்பதற்கு அந்த நாட்டுச் சட்டத்தில் உள்ள மரண தண்டனையைக் கேட்டார்கள். ராஹில் கூண்டில் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

பத்ரஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறைக்குப் போவான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்திருப்பார்கள். மூன்றாம் வருஷத்தில், மூன்று தடவையாக அவள் வலது கையைத் தன் முதுகுப் பக்கம் கொண்டுபோய் ஏதோ காட்டினாள். அடிக்கிறார்களா என்று கேட்டான், இல்லையென்று தலையை ஆட்டினாள். வலிக்கிறதா என்று கேட்டான், அதற்கும் அப்படியே ஆட்டினாள். நாலாவது தடவைதான் அவனுக்குப் புரிந்தது.

அதற்காக அவன் கோட் மிஸ்ரிக்குத் திரும்பி வந்தான், முகத்தைத் துண்டால் சுற்றி, சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு. அவனை அடையாளம் கண்டிருந்தால் அந்தத் தெருவைவிட்டு உயிரோடு போயிருக்க மாட்டான். மலிக் வீட்டுக்கு அடுத்த வீடு தாஹிராவுடையது. துணி தைப்பவள், அந்த மூன்று சாட்சிகளில் ஒருத்தி, பத்தேகாலுக்குத் தையல் மெஷினை விடாமல் மிதிப்பவள். கதவைத் திறந்தவள் துண்டுக்கு மேலிருந்த கண்ணைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துகொண்டாள். திட்டத்தான் வந்திருக்கிறான், அல்லது காலில் விழ வந்திருக்கிறான் என்று நினைத்தாள்.

"பாஜி, நான் போயிடறேன். ராஹில் ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா."

"என்ன?"

"அம்மாஜியோட முதுகு இப்ப எப்படியிருக்குன்னு."

தாஹிரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பத்ரஸ் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் தெரு முழுக்க மோட்டாரும் உரலும் சங்கும் சத்தம் போட்ட நேரத்தில் தாஹிராவின் மெஷின் மட்டும் ஓடவில்லை. அவள் ஒரு பானை வெந்நீரைத் துணியால் பிடித்துக்கொண்டு மலிக் வீட்டுக் கதவைக் காலால் தள்ளினாள். குல்ஷன் மறித்தாள்.

"உன்னை யார் கூப்பிட்டா?"

"மூணு வருஷமா தினமும் கூப்பிட்டுக்கிட்டுத்தானே இருக்கா."

பின்னறையில் அவள் பார்த்ததைத் தாஹிரா யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எலும்பு தெரிந்தது என்று மட்டும் புருஷனிடம் சொன்னாள். பள்ளிக்கூட வாத்தியாரான அவள் புருஷன் முனீர், இதெல்லாம் நமக்கெதற்கு என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் கையின் வாடையை முகர்ந்துவிட்டு மருந்துக் கடைக்குப் போனார். தினமும் கழுவினாள். குல்ஷன் தடுக்கவில்லை, சமையல்கட்டில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள், ஒரு நாள் வெந்நீரை அவளே போட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் ஜன்னத் பீபி, வாதம் வந்ததிலிருந்து பேச்சில்லை என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்த அந்தக் கிழவி, கவிழ்ந்து படுத்தபடியே சொன்னாள்:

"அந்தப் பொண்ணு அன்னிக்கு அதைத் தவிர வேற ஒண்ணும் சொல்லல."

தாஹிரா கையிலிருந்த துணி நழுவியது. "அம்மாஜி, நீங்க பேசுவீங்களா?"

"பேசுவேன். பக்கத்துல வந்து கேக்கத்தான் யாருமில்ல. என்னைக் கோர்ட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

தூக்க ஆள் வேண்டும். தாஹிரா காரீ சாஹிபிடம் போனாள். அவர் பள்ளிவாசல் படியில் வெயிலில் உட்கார்ந்து தாடியைக் கோதிக்கொண்டிருந்தார்.

"காரீ சாஹிப், அன்னிக்கு மைக்ல சீட்டை வாசிச்சீங்களே, அது யார் எழுதினதுன்னு கேட்டீங்களா?"

அவர் தாடியிலிருந்து கையை எடுத்தார். "கேக்கல, மகளே. வாசிச்சேன். வாசிச்சுட்டுத் தொழவச்சேன். தொழுது முடிச்சு வெளியே வந்தா அந்தப் பக்கம் புகை." பிறகு, "அந்த முற்றத்திலேர்ந்து தெருவைத் தாண்டினா நம்ம பள்ளிதானே. எனக்கு தினமும் கேக்குது. பாடத்தை மதியத்துக்கு மாத்திட்டேன். அல்லாஹ் கணக்குக் கேக்கறப்ப நேரத்தை மாத்த முடியாது" என்றார். பிறகு, "கட்டிலுக்கு நாலு கால். ஒண்ணு எனக்கு" என்றார்.

கேஸின் கடைசி நாளன்று, மலிக் ஆலைக்குப் போன பிறகு, ஜன்னத் பீபியைக் கயிற்றுக்கட்டிலோடு தூக்கினார்கள். முன்னால் காரீ சாஹிபும் முனீரும், பின்னால் தாஹிராவும், வக்கீல் மூலம் அவள் சொல்லியனுப்பி முகத்தைச் சுற்றிக்கொண்டு வந்த பத்ரஸும். குல்ஷன் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள். வெள்ளைப் போர்வை மூடிய கட்டில் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும், காரீ சாஹிப் முன்னால் வருவதைப் பார்த்த ஜனங்கள் அடக்கத்துக்குப் போகும் மய்யித் என்று நினைத்து எழுந்து நின்றார்கள், இன்னா லில்லாஹி என்று முணுமுணுத்தார்கள், இறந்தவருக்குத் தோள் கொடுப்பது நன்மை என்பதால் ஒவ்வொருவராக ஓடிவந்து தோளை மாற்றிக்கொண்டார்கள், யாரோ ஒருத்தர் தாஹிராவைப் பார்த்து, பொம்பளை ஏன் தூக்குறே என்று கடிந்து அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். அன்று மின்விசிறியைத் தூக்கிப் போன பால்காரன் தோள் கொடுத்தான். தீ வைத்தவர்களும் கொடுத்தார்கள். கோர்ட்டு வாசலில் நின்ற இருநூறு பேரும் வழிவிட்டார்கள். அப்படி ஊரே சுமந்துகொண்டுபோய்ச் சேர்த்த பிறகு, கோர்ட்டின் கூடத்தில் கட்டிலை இறக்கியதும், ஜன்னத் பீபி போர்வையை விலக்கித் தலையைத் தூக்கி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றாள்.

கடைசியாகத் தோள் கொடுத்தவன் அலறிக்கொண்டு படியில் விழுந்தான்.

நீதிபதி கதவுகளைச் சாத்தச் சொன்னார். "குற்றவாளி என்ன சொன்னாள்? சொல்வதில் உங்களுக்குத் தடை உண்டா?"

"ஒரு தடையும் இல்லை" என்று கிழவி அந்தச் சொற்களைச் சொன்னாள். புண், புழு, வெந்நீர், கழுவி விடுகிறேன். கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும், டைப் அடிக்கிறவர் உட்பட, அதை ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அடுத்துத் தாஹிரா எழுந்து, முன்பு தான் சொன்னது பொய் என்று சொன்னாள். நீதிபதி தலையை நிமிர்த்தாமல் அரைமணி நேரம் எழுதினார், மெல்லிய குரலில் விடுதலை என்று வாசித்தார், பின்வாசல் வழியாகப் போய், மறுநாள் முதல் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டார்.

ராஹிலின் விலங்கைக் கழற்றியதும் அவள் நேராகக் கட்டிலண்டை போனாள். கிழவியின் முதுகுக்கடியில் கையை நுழைத்துத் தடவிப் பார்த்தாள். "ஆறிடுச்சுடி" என்றாள் ஜன்னத் பீபி. ராஹிலின் உதடு அசைந்தது. அப்போதும் ஒன்றும் வரவில்லை. அவளையும் பத்ரஸையும் மூடிய வேனில் ஏற்றி, எந்த ஊருக்கென்று டிரைவருக்கே பாதி வழியில்தான் சொன்னார்கள்.

எட்டாம் நாள் மதியத் தொழுகை முடிந்து காரீ சாஹிப் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவரிடம் ஆறு வருஷம் ஓதக் கற்றவனான ஓர் ஆள், கல்யாணமானவன், கடை வைத்திருந்தவன், குனிந்து செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தான். அவர் வாழ்த்தித் துஆ செய்து அவன் தலையில் கை வைத்தார். அவன் நிமிர்ந்து சுட்டான். அந்த வாரமே அவன் படம் வீரன் என்ற பட்டத்தோடு ரிக்‌ஷாக்களின் முதுகில் ஒட்டப்பட்டிருந்தது, அதே தோள் கொடுத்த ஜனங்களில் பலர் அந்த ரிக்‌ஷாக்களில் ஏறிப் போனார்கள். காரீ சாஹிபின் கட்டிலுக்குத் தோள் கொடுக்க முனீரும் இன்னும் ஆறு பேரும்தான் வந்தார்கள். ஜன்னத் பீபி தாஹிரா வீட்டிலேயே இருந்துவிட்டாள், மகன் ஒருமுறை வாசல் வரை வந்து நின்றுவிட்டுப் போனார்.

மலிக் வீட்டு முற்றத்துக் குரல் எப்போது போனதென்று யாருக்கும் தெரியாது. பத்தேகாலுக்கு எல்லோரும் இடித்துக்கொண்டேயிருந்தார்கள். ஒரு நாள் ஜெனரேட்டர் பழுதாகி, அதே நாளில் ஆலையிலும் சங்கு ஊதாதபோதுதான், அங்கே ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தார்கள். மறுநாளும் இடித்தார்கள்.

ராஹிலும் பத்ரஸும் கடலோரப் பெருநகரம் ஒன்றில், மூன்றாவது மாடியில், வேறு பெயர்களில் ஓர் அறையில் இருந்தார்கள். ஜன்னலுக்குக் கெட்டித்துணி. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தாங்கள் வேறோர் ஊர்க்காரர்கள் என்றும், மனைவி பிறவி ஊமை என்றும் பத்ரஸ் சொல்லியிருந்தான். அது சௌகரியமாகவும் இருந்தது. பகலில் அவள் சோறு வைப்பாள், தரையைத் துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பாள்.

முனீரின் போன் ஒரு சாயங்காலம் வந்தது. பத்ரஸ் கேட்டான், போனை வைத்தான், சொல்லாமலிருக்கப் பார்த்தான், அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"காரீ சாஹிபைச் சுட்டுட்டாங்க" என்றான். "போய்ட்டாராம்."

ராஹில் வாயைத் திறந்தாள். "கட்டிலைத் தூக்கினாரே, அவரையா?"

பத்ரஸ் சுற்றுமுற்றும் பார்த்தான், வேறு யாரோ அறைக்குள் வந்துவிட்டதுபோல. அந்தக் கரகரப்பு. மூன்று வருஷம். அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்போது அவள் கத்தினாள். யாகூபுக்காக, மதனிக்காக, எரிந்த முப்பத்தெட்டு வீட்டுக்காக, செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கிழவருக்காக, மூன்று வருஷமாகத் தொண்டைக்கு வராமல் நின்றதெல்லாம் ஒன்றாக வந்தது. மாடிப்படியில் யாரோ நடந்து வந்தது நின்றது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"என்ன சத்தம் அங்கே? உங்க வீட்டம்மா ஊமைன்னீங்களே?"

"ஒண்ணுமில்லை பாஜி," என்றான் பத்ரஸ், குரல் நடுங்காமல். "டிவி."

அவன் உள்ளங்கை அவள் வாயை அழுத்தி மூடியிருந்தது. கைக்குள் அது சூடாக அதிர்ந்துகொண்டேயிருந்தது, அவன் இன்னும் அழுத்தினான்.